‘அதான் ஸாரி சொல்லிட்டேன்ல!’

ஒரு வாசகியின் கேள்வி, 11 ஜூன் 2024

என் மகனுக்கு நாலரை வயது. பக்கத்து வீட்டுப் பாப்பாவைத் தள்ளிவிடுகிறான், சில நாள் கடிக்கவும் செய்கிறான். "ஸாரி சொல்லு" என்றால் உடனே பாட்டு மாதிரி இழுத்துச் சொல்கிறான். சொன்ன வாய் மூடுவதற்குள் மறுபடி தள்ளுகிறான். கேட்டால், "அதான் ஸாரி சொல்லிட்டேன்ல!" உணர்ந்து சொல்ல எப்படிப் பழக்குவது? சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் டீச்சர் யாராவது இங்கே இருக்கிறீர்களா?

12 ஜூன் 2024

இருக்கிறேன். திருப்பூர் பக்கம், அரசுத் தொடக்கப்பள்ளி, ஒன்றாம் வகுப்பு, 17 வருஷம். முந்தாநாள்தான் பள்ளி திறந்தது. அதற்குள் "டீச்சர், இவன் அடிச்சுட்டான்" எத்தனை வந்தது என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஸாரி சொல்லச் சொல்வதை நிறுத்துங்கள். என் வகுப்பில் அந்த வார்த்தைக்கே தடை. ஒருவன் இன்னொருத்தியின் தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிட்டால் நான் கேட்பது ஒரே கேள்வி: "சரி, இப்ப என்ன செய்யப் போற?" முதல் வாரம் முழிப்பார்கள். இரண்டாவது வாரம் "துடைக்கிறேன் டீச்சர்" என்று வரும். அப்புறம் "என் பாட்டில்ல இருந்து பாதி ஊத்துறேன்" வரும். ஸாரி சொல்ல ஒரு விநாடி போதும். துடைக்க ஐந்து நிமிஷம் ஆகும், முட்டியும் நனையும். அந்த ஐந்து நிமிஷத்தில்தான் எதிரே இருப்பவளின் முகம் அவன் கண்ணில் படுகிறது.

உங்கள் மகன் சொல்வதில் தப்பே இல்லை. நாம் சுங்கச்சாவடி வைத்தோம், அவன் கட்டணம் கட்டிவிட்டுப் போகிறான்.

12 ஜூன், இரவு

"தடை" என்று எழுதியது கொஞ்சம் அதிகம். தானாகச் சொல்கிற பிள்ளையை நான் ஒன்றும் சொல்வதில்லை. சொல்ல வைப்பதைத்தான் விட்டேன்.

பாத்திரம் கழுவும்போது இன்னொன்று தோன்றியது. தமிழில் நாம் மன்னிப்புச் சொல்வதில்லை, கேட்கிறோம். கேட்டால் எதிராளி தரலாம், தராமலும் இருக்கலாம். "ஸாரி சொல்லு" என்று மாறியபோது அந்த எதிராளி காணாமல் போய்விட்டாள். அவன் சொல்லி முடித்ததும் கடிபட்ட குழந்தையைப் பார்த்து, "அவன்தான் ஸாரி சொல்லிட்டான்ல, இன்னும் என்ன அழுகை?" என்கிறோம். கடி வாங்கியதும் அவள், கடைசியில் திட்டு வாங்குவதும் அவள்.

பக்கத்து வீட்டுப் பாப்பா என்ன நினைக்கிறாள் என்று கேட்டீர்களா?

14 ஜூன்

கேட்டிருக்கிறார்கள். பாப்பாவுக்கு வயது இரண்டே முக்கால். "அண்ணா கடி" என்றாளாம். இதை வைத்து ஒன்றும் ஆய்வு செய்ய முடியாது.

17 ஜூன்

ஊரில் பிள்ளைகளுக்கு மன்னிப்புக் கேட்கவே தெரியாது என்கிற மாதிரி மேலே எழுதிவிட்டேன். தப்பு. நம் பிள்ளைகளுக்கு வாயால் கேட்கத் தெரியாமல் இருக்கலாம், உடம்பால் தெரியும். கால் யார்மீதாவது பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதை இரண்டு வயதிலேயே செய்கிறார்கள். புத்தகத்தை மிதித்தாலும் அதேதான். தலையோடு தலை மோதிக்கொண்டால் இன்னொரு முறை மெதுவாக முட்ட வேண்டும், இல்லையென்றால் கொம்பு முளைக்கும். என் வகுப்பில் இதற்காகவே துரத்திப் பிடித்து முட்டுவார்கள். கோபமாக மோதியவர்கள் இரண்டாவது முட்டலில் சிரிக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை. படுத்திருப்பவனைத் தாண்டிவிட்டால் அவன் வளர மாட்டான், திரும்பத் தாண்ட வேண்டும். செய்ததை அவிழ்த்துவிட்டால் தீர்ந்தது என்று எந்தப் பாட்டி யோசித்தாளோ தெரியவில்லை. எனக்குப் பி.எட்.டில் இதை யாரும் சொல்லித் தரவில்லை.

காய், பழம் இருக்கவே இருக்கிறது. எங்கள் பள்ளியில் சுண்டு விரலை நீட்டினால் 'கா', ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து நீட்டினால் 'பழம்'. ('டூ' விடுகிற ஊர்க்காரர்கள் மன்னிக்கவும். பார்த்தீர்களா, கேட்டுவிட்டேன்.) இதில் எனக்குப் பிடித்தது பேரிலேயே இருக்கும் நேரம். இன்றைக்குக் காயாக இருப்பது கொஞ்சம் வைத்திருந்தால் பழுக்கும். நாம்தான் புகை போட்டுப் பழுக்க வைக்கப் பார்க்கிறோம். "ம்ம், பழம் விடு, கை குடு, கட்டிப்பிடி" என்று இரண்டு பேரையும் பிடித்து ஒட்டவைத்துப் போட்டோ எடுக்கிற அம்மாக்களைப் பார்த்தால் எனக்கே கா விடத் தோன்றுகிறது.

18 ஜூன்

"வயது பார்க்க வேண்டாமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. என் பிள்ளைகளுக்கு ஐந்து முடிந்துவிட்டது, ஆறை ஒட்டியவர்கள். வாசகியின் மகனுக்கு நாலரை. ஒரு வருஷம்தானே என்று தோன்றும். அந்த வயதில் ஒரு வருஷம் என்பது நமக்குப் பத்து வருஷம்.

ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே 1932இல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு சோதனை உண்டு. பிள்ளைகளிடம் இரண்டு கதை சொல்வார். ஒருவன் சாப்பிடக் கூப்பிட்டதும் கதவைத் திறக்கிறான். பின்னால் தட்டில் 15 கோப்பை இருந்தது அவனுக்குத் தெரியாது, அத்தனையும் உடைந்தன. இன்னொருவன் அம்மா இல்லாத நேரத்தில் ஜாம் திருட அலமாரி ஏறி ஒரு கோப்பையை உடைத்தான். யார் அதிகக் குறும்பு? சின்னப் பிள்ளைகள் 15 உடைத்தவனைக் காட்டினார்கள். பெரிய பிள்ளைகள் ஜாம் திருடியவனைக் காட்டினார்கள்.

நான் இதை என் வகுப்பில் சில்வர் டம்ளரை வைத்துச் செய்துபார்த்தேன். "டம்ளர் உடையாது டீச்சர்" என்றார்கள். மண்பானைக்கு மாற்றினேன், ஜாமை முறுக்காக்கினேன். பாதிப் பேருக்குமேல் 15 பானைதான். ஒரு பெண் மட்டும், "கதவுக்குப் பின்னாடி பானையை யாரு வெச்சா? அவங்களைத்தான் கேக்கணும்" என்றாள். கலெக்டராக வேண்டியவள்.

20 ஜூன்

மேலே உள்ளதற்குத் திருத்தம். அந்தச் சோதனையில் ஒரு கோளாறு உண்டு என்று சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. சேதமும் நோக்கமும் இரண்டு கதையிலும் ஒரே நேரத்தில் மாறுகின்றன. பிள்ளை எதைப் பார்த்துப் பதில் சொல்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பின்னால் வந்தவர்கள் சேதத்தைச் சமமாக வைத்து, நோக்கம் புரிகிற மாதிரி கதை சொன்னபோது மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளும் நோக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். ஆக, 'நாலரை வயதுக்குப் புரியாது' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கதையை ஒழுங்காகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். என் பானைக் கதையும் அதே கோளாறோடு சொன்னதுதான்.

இரண்டு நாளாக நீதிபதி சந்துரு குழு அறிக்கை பற்றிய செய்திகளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவனை அதே பள்ளி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைத்த குழு. சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு எதுவும் பள்ளிக்குள் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். வரட்டும், நல்லது. ஆனால் கயிறு கட்டும் வயது பெரிய வயது. எனக்குத் தெரிந்து அது மிட்டாயில் தொடங்குகிறது.

காக்காக் கடி தெரியும்தானே? சட்டை நுனியை மிட்டாய்மேல் போட்டு, துணியோடு கடித்து, உடைந்ததைக் கூட்டாளிக்குக் கொடுப்பது. துணி இருப்பதால் எச்சில் இல்லை. போன வருஷம் ஒரு பிள்ளை அப்படிக் கடித்துக் கொடுத்ததை இன்னொருத்தி வாங்கவில்லை. "எங்கம்மா அவகிட்ட வாங்கித் திங்கக் கூடாதுன்னாங்க." கொடுத்தவள் சட்டையை விரித்து என்னிடம் காட்டி, "துணி மேலதான் டீச்சர் கடிச்சேன்" என்றாள். அதற்கு எனக்குப் பதில் வரவில்லை. மணி அடித்தது, தப்பித்தேன்.

21 ஜூன்

நேற்று எழுதியதற்கு "பிறகு என்ன செய்தீர்கள்?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அந்த அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினேன். "சளி பிடிச்சுக்கும்னு சொன்னேனுங் டீச்சர்" என்றார். யாருடைய எச்சிலில் மட்டும் சளி பிடிக்கும் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. இரண்டு பிள்ளைகளையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தேன், காலை உணவுக்கும் அடுத்தடுத்த தட்டு. ஒரு மாதத்தில் ஒருத்தியின் உப்புமா இன்னொருத்தி தட்டில் இருந்தது. வீட்டில் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இதைச் சாதனை மாதிரி எழுதவில்லை. பெரியவர்களிடம் பேசத் தைரியம் இல்லாமல் பிள்ளைகளின் பெஞ்சை மாற்றினேன், அதுதான் நடந்தது.

30 ஜூன்

இந்த வருஷம் ஒடிசாப் பையன் ஒருவன் சேர்ந்திருக்கிறான். அப்பா நூல் மில்லில் வேலை. தமிழ் ஒரு சொல்கூட இல்லை. முதல் நாள் மதியம் பிள்ளைகள் 'கல்லா மண்ணா' ஆடினார்கள். கல் என்கிறார்களா மண் என்கிறார்களா என்று புரிந்தால்தானே எங்கே நிற்பது என்று தெரியும். இவன் நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். துரத்தாமல் என்ன செய்தார்கள் தெரியுமா? "இவன் உப்புக்குச் சப்பாணி" என்று அவர்களே முடிவு செய்து சேர்த்துக்கொண்டார்கள். ஓடலாம், ஒளியலாம், பிடித்தாலும் அவுட் கிடையாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எந்தச் சுற்றறிக்கையும் இல்லாமல் ஆறு வயதுப் பிள்ளைகள் ஒருவனை ஏற்றுக்கொள்ள ஒரு விதி வைத்திருக்கிறார்கள்.

2 ஜூலை

கண் கலங்கியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இன்றைக்கு நின்று பார்த்தேன். பிடிப்பவன் இவனைத் தொட்டான், யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இவன் ஓடிப்போய்த் தொட்டவன் முன்னால் நின்று, தன் தோளைக் காட்டினான். இங்கே தொட்டாய், இங்கே. அவன் "நீ போ, நீ உப்புக்கு" என்று தள்ளிவிட்டான். மறுபடி தோளைக் காட்டினான். அவுட் ஆக வேண்டும் அவனுக்கு.

4 ஜூலை

ஒரு வாசகர் கடுமையாக எழுதியிருக்கிறார். அவருக்கு இளம்பிள்ளை வாதத்தில் கால் போனது. ஊரில் அவருக்கு ஆட்டத்தில் எப்போதும் அந்த இடம்தானாம், அந்தப் பெயரும்தானாம். "நீங்கள் கண் கலங்கிய அந்தச் சொல்லின் அர்த்தம் என்னவென்று உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

முதலில் பதில் எழுத உட்கார்ந்து, 'அது வெறும் ஆட்டச் சொல், பிள்ளைகளுக்கு அர்த்தம் தெரியாது' என்று நாலு வரி அடித்தேன். பிறகு படித்துப் பார்த்தால், வேணும்னு செய்யலை டீச்சர் என்று என்னிடம் தினமும் வருகிற அதே வாக்கியம். நாலு வரியையும் அழித்தேன். ஐயா, 17 வருஷமாக அந்தச் சொல் என் காதில் விழுந்திருக்கிறது, ஒரு நாளும் நான் நின்று யோசிக்கவில்லை. தப்பு என்னுடையது.

5 ஜூலை

இப்ப என்ன செய்யப் போற என்று என்னையே கேட்டுக்கொண்டு வகுப்பில் பேசினேன். சப்பாணி என்றால் நடக்க முடியாதவர்கள், அவர்களைக் கேலி செய்கிற பேர் அது, வேறு பேர் வைப்போம் என்றேன். பத்து நிமிஷம் அமளி. கடைசியில் ஜெயித்த பேர்: 'ஃப்ரீ பஸ்'. ஏறலாம், டிக்கெட் வேண்டாம். அரசாங்கம் மகளிருக்குக் கொடுத்ததை இவர்கள் எல்லாருக்கும் விரித்துவிட்டார்கள்.

ஒடிசாப் பையன் அந்தச் சலுகையையும் ஏற்கவில்லை. மதியம் கல்லை ஒரு கையிலும் மண்ணை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு அந்தக் 'கலெக்டர்' பெண் அவனுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். நாலாவது சுற்றில் அவனை முறைப்படி அவுட் ஆக்கினார்கள். பள்ளிக்கு வந்த நாளிலிருந்து அவன் குதித்து நான் பார்த்தது அப்போதுதான். பதிலுக்கு அவன் சொல்லிக்கொடுத்த சொல் 'சாங்கோ'. அவர்கள் மொழியில் கூட்டாளி. இப்போது என் வகுப்பே பக்கத்து வகுப்பைப் பார்த்து "சாங்கோ!" என்று கத்துகிறது. பக்கத்து வகுப்பு டீச்சர் அதை ஏதோ வசவு என்று நினைத்துப் புகார் கொண்டுவந்தார்.

13 ஜூலை

முதல் கேள்வி கேட்ட வாசகி திரும்ப வந்திருக்கிறார். என் யோசனைப்படி அவர் "ஸாரி"யை விட்டுவிட்டு, "பாப்பாவுக்கு வலிக்குதே, என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறார். மகன் ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ்கட்டி எடுத்துவந்து வைத்திருக்கிறான். அம்மாவுக்குப் பூரிப்பு. நாலு நாள் கழித்து, மகன் பேசாமல் போய் ஐஸ்கட்டியைக் கிண்ணத்தில் எடுத்து வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டானாம். அப்புறம் தள்ளினானாம்.

இதைப் படித்துவிட்டு ஸ்டாஃப் ரூமில் தனியாகச் சிரித்தேன். ஜூன் 12ஆம் தேதி எழுதிய என் பிரமாதமான தத்துவத்துக்கு ஐஸ் வைத்துவிட்டான் பையன். கட்டணம் மாறியிருக்கிறது, சுங்கச்சாவடி அப்படியே இருக்கிறது.

14 ஜூலை

சிரித்தாகிவிட்டது. உருப்படியாக ஒன்று: தள்ளுவதற்கு முன் என்ன நடக்கிறது என்று மூன்று நாள் உட்கார்ந்து பாருங்கள். ஐஸ் எடுத்துவைக்கிற பிள்ளை வெறியில் தள்ளவில்லை, திட்டமிட்டுத் தள்ளுகிறது. அவனுக்கு ஏதோ வேண்டும். என் ஊகம், பாப்பாவோடு ஆட வேண்டும், எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. "நானும் வரட்டா?" என்று கேட்கத் தெரியாத பிள்ளைகள் பொம்மையைப் பிடுங்குவதை, முடியை இழுப்பதை நான் வருஷா வருஷம் பார்க்கிறேன். தள்ளினால் பாப்பா உடனே திரும்பிப் பார்க்கிறாளே. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு நான் முதலில் பழக்குவது சேரக் கேட்பதை. "சேத்துக்கிறியா?" என்று கேட்பது, "மாட்டேன்" என்றால் பக்கத்திலேயே உட்கார்ந்து தன் பாட்டுக்கு ஆடுவது, அப்புறம் மறுபடி கேட்பது. இரண்டாவது தடவை பெரும்பாலும் சேர்த்துக்கொள்வார்கள்.

'பழைமை' அதிகாரத்தில் ஒரு குறள் இருக்கிறது:

பேதைமை ஒன்றோ பெருங்கிழமை என்றுணர்க
நோதக்க நட்டார் செயின்.

கூட்டாளி நோகும்படி செய்தால் அறியாமை என்று எடுத்துக்கொள், இல்லையா, அளவுகடந்த உரிமை என்று எடுத்துக்கொள். இரண்டும் ஒருசேர இருக்கிற வயது நாலரைதான். ஆனால் இதைக் கடி வாங்கிய பாப்பாவிடம் போய்ச் சொல்லாதீர்கள்.

25 ஜூலை

வகுப்பில் புதுக் கலர் பென்சில் டப்பா ஒன்று காணவில்லை. ஒருவன் பையில் துருத்திக்கொண்டிருந்தது. "நீதானே எடுத்த?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். இல்லை என்றான். இதற்கு முன் இரண்டு முறை எடுத்தவன். அவன் அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். தலைமையாசிரியரிடமும் சொன்னேன். இன்று மதியம் டப்பா என் பீரோவுக்குப் பின்னால் கிடந்தது. அவன் பையில் துருத்தியது அவன் மாமா வாங்கிக் கொடுத்தது.

26 ஜூலை

அவனுக்கு ஒரு கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு போனேன். தலையைத் தடவி, கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான், தின்னவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் உறைத்தது. என் அப்பா அம்மாவோடு சண்டை போட்டால் மறுநாள் சாயங்காலம் மிக்சர் பொட்டலத்தோடு வருவார். அம்மா என்னை அடித்தால் ராத்திரி "சாப்பிட வா" என்பாள், குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கும். எங்கள் வீட்டில் அதற்குமேல் மன்னிப்பு இருந்ததில்லை. அது போதும் என்றுதான் 40 வயதுவரை நினைத்தேன். ஒரு பிள்ளையைத் திருடன் என்று 28 பேர் முன்னால் சொல்லிவிட்டு ரகசியமாகக் கடலை மிட்டாய் கொடுத்தால் கணக்கு தீருமா? பாட்டில் தட்டிவிட்ட பிள்ளையை முட்டி நனையத் துடைக்கச் சொல்கிறவள் நான்.

இங்கே சிலர் வகுப்பு முன்னால் மன்னிப்புக் கேட்க வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பிள்ளைகளை வேண்டாம். 2009 கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் அடியை மட்டும் தடுக்கவில்லை, மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. எல்லார் முன்னாலும் நிறுத்தி வைத்துக் கேட்க வைத்தால் பிள்ளைக்குக் கூச்சம்தான் மிஞ்சும். ஆனால் டீச்சர் எல்லார் முன்னாலும் செய்த தப்புக்கு டீச்சர் எல்லார் முன்னாலும்தான் கேட்க வேண்டும்.

29 ஜூலை

கேட்டேன். பிரேயர் முடிந்து வந்ததும் அவன் பெஞ்சு பக்கம் போய், குனிந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி: "பென்சில் டப்பாவை நீ எடுத்தேன்னு சொன்னேன். நீ எடுக்கலை. பீரோவுக்குப் பின்னாடி இருந்துச்சு. பாக்காமச் சொன்னது என் தப்பு. என்னை மன்னிச்சுக்கிறியா கண்ணு?"

வகுப்பு கப்சிப். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு, என் குரலிலேயே, என் இழுவையோடு: "சரி, இப்ப என்ன செய்யப் போறீங்க டீச்சர்?"

கலெக்டர் பெண் மட்டும் சிரித்தாள்.

என்ன செய்யணும் என்று அவனையே கேட்டேன். விரல் விட்டு எண்ணினான். ஹெட்மாஸ்டர் சார்கிட்ட சொல்லணும். சத்துணவு அக்காகிட்ட சொல்லணும், அவங்களும் கேட்டுட்டு இருந்தாங்க. அப்புறம் எங்கம்மாகிட்ட. அன்னிக்கு ராத்திரி அம்மா அடிச்சாங்க.

முதல் இரண்டும் இடைவேளையிலேயே முடிந்தது. அம்மாவுக்கு மதியம் போட்டேன், எடுக்கவில்லை. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, ஷிப்ட் முடியும்வரை போன் கையில் இருக்காது. 5 மணிக்குமேல் போடுங்க என்று அவனே சொன்னான். வீட்டுக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான், கடலை மிட்டாயை இப்போதுதான் பிரிக்கிறான். மணி 4.50.